பட்டனை எண்ணி ஜாய்ஸ்டிக் வாங்காதீர்கள்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் ஏறி, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட ஜாய்ஸ்டிக் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "இதுல எட்டு பட்டன் சார், இன்னும் ஐந்நூறு போட்டா பன்னெண்டு" என்பதுதான் முதலில் காதில் விழும். பெட்டியிலும் போர் விமானப் படம், சிவப்பு விளக்கு, கொட்டை எழுத்தில் பட்டன் கணக்கு. ஓட்ட உட்கார்ந்தபின் உங்கள் கை நம்பியிருப்பதோ தண்டின் அடியில் கண்ணுக்குப் படாமல் கிடக்கும் சென்சாரையும் ஸ்பிரிங்கையும்தான். பட்டன் போதாவிட்டால் கீபோர்டு இருக்கிறது. சென்சார் மோசமாக இருந்தால் அதை ஈடுகட்ட ஒன்றும் கிடையாது.

கடைக்குப் போகும் முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த விமானத்தை ஓட்டப் போகிறீர்கள்? பெங்களூரில் இந்த ஆசை பிடித்த நம்மாட்களை மூன்று வகையாகப் பார்க்கிறேன். சென்னைக்கும் கோவைக்கும் பறந்து பறந்து, ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தைத் தானே ஒருமுறை தரையிறக்கிப் பார்க்க நினைக்கும் ஐ.டி. ஆட்கள் ஒரு வகை. எச்.ஏ.எல். ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானபுரா, முருகேஷ்பாளையாவில் தேஜஸ் போர் விமானச் சத்தம் கேட்டு வளர்ந்த பையன்கள் இன்னொரு வகை. ஜக்கூரில் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டே செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கை பழக விரும்புகிறவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் ஒரே ஸ்டிக் ஒத்துவராது. நண்பன் வாங்கியதையே நாமும் வாங்குவது எப்போதும் தப்பாகப் போவது இதனால்தான்.

ஏ320இல் கேப்டன் இடது பக்கம் உட்கார்ந்து இடது கையால் சைட்ஸ்டிக்கைப் பிடிக்கிறார். வலது கை, நடுவில் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரில் இருக்கும். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவின் கைப்பிடி வலது கைக்கென்றே செதுக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் கோ-பைலட்டாக இருக்கலாம், கேப்டன் இருக்கை சரிப்படாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் கைப்பிடி எந்தக் கைக்கு என்று கவனிக்காமல் வாங்கிவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்வதுண்டு.

செஸ்னாவில் உண்மையில் இருப்பது யோக், அதாவது முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் ஸ்டியரிங். நல்ல யோக் விலை அதிகம். மலிவான யோக் வாங்குவதைவிட நடுத்தரமான ஸ்டிக் வாங்குவது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் ரடர், அதாவது மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் துடுப்பை இயக்கும் வசதி, இல்லாத ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். முழு வேகத்தில் ஓடுபாதையில் ஓடும்போது ப்ரொப்பெல்லரின் சுழற்சியால் செஸ்னாவின் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது ரடர் கொடுக்க முடியாவிட்டால் நேரே புல்தரைதான். கைப்பிடியைத் திருகினால் ரடராக வேலை செய்யும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிமட்ட விலை மாடல்கள் சிலவற்றில் இது இருக்காது. மிக்ஸ்சருக்கு, அதாவது எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்ற, தனி லீவர் வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலான ஓடுபாதைகளில் கிளம்பும் முன் எரிபொருள் கலவையைக் குறைக்கச் சொல்கிறது செஸ்னாவின் கையேடு. ஆகவே ஜக்கூரில் அது பயன்படும்தான், ஆனால் கீபோர்டின் இரண்டு விசைகளே அதற்குப் போதும்.

போர் விமான ஆசைக்காரர்களுக்கு மட்டும் பட்டன் கணக்கு நியாயம். குறிபார்ப்பது, ஆயுதம் மாற்றுவது எல்லாம் கையை எடுக்காமல் நடக்க வேண்டும். டிசிஎஸ் வேர்ல்டு விளையாட்டையும் அதோடு வரும் சுகோய் 25டி விமானத்தையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தில், இன்ஜின் விசைக்கான த்ராட்டில் தனியாகப் பிரியும் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் வகை செட் வாங்கலாம்.

இனி சென்சார். மலிவு ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் திருகுக்குள் இருந்த அதே சமாச்சாரம்: கரித்தடத்தின் மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரச உரசத் தடம் தேயும், தூசி ஒட்டும். ஸ்டிக் அதிக நேரம் நிற்பது நடுப்பகுதியில் என்பதால் அங்கேதான் முதலில் கோளாறு தெரியும். கையை எடுத்த பிறகும் விமானம் தானாக ஒரு பக்கம் சாயும், ரடர் நடுங்கும், ஆட்டோபைலட் காரணமில்லாமல் விடுபடும். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரத்தில் குடியிருந்தால் ஸ்டிக்கின் மேல் ஒரு துணி போர்த்தி வையுங்கள். சிரிப்பாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

ஹால் சென்சாரில் உரசல் இல்லை. ஒரு காந்தம் நகர்வதைத் தொடாமலே அளக்கிறது, அதனால் தேய்மானம் இல்லை. டி.16000எம்மின் முன்பின், இடவல அசைவுகளுக்கு இதுதான். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு முழுக்க ஹால் என்று நினைத்துவிட வேண்டாம்; அதன் கைத்திருகலும் த்ராட்டில் ஸ்லைடரும் பொட்டென்ஷியோமீட்டர்தான். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவும் அப்படியே: முக்கிய அசைவுகளை ஒளி வழியாகப் படிக்கிறது, திருகலுக்குப் பழைய முறை. இந்த மாதிரி ஸ்டிக்குகளில் முதலில் உயிரை விடுவது ரடர் என்பதற்குக் காரணம் இதுதான். "16 பிட்" என்ற விளம்பரத்துக்கும் ரொம்ப மயங்க வேண்டாம். அசைவை எத்தனை படிகளாகப் பிரித்து அளக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு: 10 பிட் என்றால் 1024 படிகள், 16 பிட் என்றால் 65,536 படிகள். நடுவில் நடுங்காத 10 பிட் ஸ்டிக், நடுங்கும் 16 பிட்டைவிட நன்றாகத் தரையிறக்கும்.

நடுக்கத்தை மறைக்க எல்லோரும் கை வைப்பது டெட்ஸோனில். நடுவில் சிறிது தூரம் வரை ஸ்டிக் அசைந்தாலும் விமானம் கண்டுகொள்ளாது என்று வைக்கும் எல்லை அது. கொஞ்சம் வைக்கலாம். அதையே கூட்டிக்கொண்டு போனால், ஓடுபாதைக்குச் சில அடி மேலே மூக்கைத் துளி தூக்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் நடக்காது, பதறி இன்னும் இழுப்பீர்கள், விமானம் குதிக்கும். மூக்கு வெடுக்கென்று எழுகிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் மாற்ற வேண்டியது டெட்ஸோன் அல்ல, சென்ஸிடிவிட்டி வளைவு. நடுப்பகுதியில் மெதுவாகவும் ஓரங்களில் வேகமாகவும் வேலை செய்யும்படி அதை வளைத்து வைக்கலாம்.

நல்ல ஸ்டிக்கைக் கெட்டது என்று திருப்பி அனுப்பவைக்கும் இன்னொரு விஷயம் ட்ரிம், அதாவது கையால் அழுத்திக்கொண்டே இருக்காமல் மூக்கை வேண்டிய நிலையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு. செஸ்னாவில் வேகம் கூடினால் மூக்கு மேலே போகும், குறைந்தால் கீழே வரும். புதிதாக ஓட்டுகிறவர் ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடியே அரை மணி நேரம் பறந்து, கை கடுத்துப் போய், "ஸ்பிரிங் சரியில்லை" என்று முடிவு கட்டுகிறார். நிஜ விமானத்தில் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால் யோக் கை விட்ட இடத்திலேயே நிற்கும். நம் ஸ்டிக்கின் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே திரும்பும். ஆகவே மூக்கு வேண்டிய இடத்தில் நிற்கும்படி ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, ட்ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அதே அளவுக்குக் கையைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். கட்டைவிரலுக்கு எட்டும் இரண்டு பட்டன்களை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். ஏ320இல் இந்தத் தொல்லை இல்லை. சாதாரணப் பறத்தலில் கம்ப்யூட்டரே ட்ரிம் பார்த்துக்கொள்கிறது.

கன்சோல் வைத்திருப்பவர்கள் பெயரில் ஏமாறுவார்கள். ஹோட்டாஸ் ஒன் எக்ஸ்பாக்ஸுக்கு, ஹோட்டாஸ் 4 பிளேஸ்டேஷன் 4க்கு, இரண்டும் பி.சி.யிலும் ஓடும். ஹோட்டாஸ் எக்ஸை எக்ஸ்பாக்ஸுக்கு என்று நினைத்து வாங்கினால் ஓடாது. டி.16000எம் பி.சி.க்கு மட்டும். சண்டை விளையாட்டுகளுக்கான ஆர்கேட் ஸ்டிக் பக்கமே போகாதீர்கள், அதற்குள் இருப்பது வெறும் சுவிட்சுகள். பாதி சாய்வு என்ற ஒன்று அதற்குத் தெரியாது.

பழைய பொருள் வாங்குவதில் தப்பில்லை. சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எப்போதாவது 15 முள் உள்ள அகலமான பிளக்கோடு பழைய ஸ்டிக் கண்ணில் படும். அழகாக இருக்கும், காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த கேம் போர்ட் ஆதரவை விண்டோஸ் விஸ்டாவிலேயே கைவிட்டுவிட்டார்கள். மாற்று அடாப்டர்களும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. யூஎஸ்பி ஸ்டிக் என்றால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். விண்டோஸ் தேடலில் 'கேம் கன்ட்ரோலர்' என்று தேடித் திறந்தால் ஒரு கட்டத்துக்குள் சிறு கூட்டல் குறி தெரியும். ஸ்டிக்கை மெல்ல வட்டமாகச் சுற்றுங்கள், நான்கு பக்கமும் தள்ளிக் கையை எடுங்கள். ஒவ்வொரு முறையும் குறி அதே நடுப்புள்ளிக்குத் திரும்ப வேண்டும். கைப்பிடியையும் த்ராட்டிலையும் ஆமை வேகத்தில் நகர்த்துங்கள், குறியோ பட்டையோ தாவினால் தடம் தேய்ந்திருக்கிறது. விற்பவர் "கேலிப்ரேட் பண்ணா சரியாயிடும் சார்" என்பார். கேலிப்ரேட் செய்யும் முன் எப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால் சுங்கவரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரர் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இங்கே வாங்கும் இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டிக்கு வாரண்டி என்று கடைக்காரர் வாய்வார்த்தை சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

மேசையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பி.ஜி. அறையின் மடக்கு மேசையில் எடை குறைந்த ஸ்டிக் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டால் போதும். மேசை உயரமாக இருந்தால் தோள் வலிக்கும், ஸ்டிக்கைக் கீபோர்டுத் தட்டுக்கு இறக்குங்கள். ரடர் பெடல், தனி த்ராட்டில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆர்டர் போட வேண்டாம். திருகும் கைப்பிடியிலேயே குறுக்குக் காற்றில் நேராக இறக்கப் பழகிய பிறகு பெடல் விலையைப் பார்க்கலாம்.