குளித்தலை–முசிறி: பழைய டோப்போ ஷீட்டை செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துவது எப்படி?

காவிரியின் தென்கரையில் குளித்தலை, எதிர்க்கரையில் முசிறி. இரண்டும் இந்திய நில அளவைத் துறையின் 58 ஜே/5 என்ற டோப்போ ஷீட்டில் (நிலப்பரப்பு வரைபடத் தாளில்) வருகின்றன. இங்கே எடுத்துக்கொள்வது மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில் வந்த பழைய தாள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இதற்குத் தேவையே இல்லை.

1. தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்யுங்கள். ஒரு பிக்சல் தரையில் சுமார் 5.4 மீட்டர். கைபேசியில் படம் எடுத்தால் ஓரங்கள் வளையும்.

2. க்யூஜிஐஎஸ்-இல் படத்தை நிலத்தோடு பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சரைத் திறந்து நான்கு மூலைகளையும் குறியுங்கள்: மேற்கு 78°15', கிழக்கு 78°30', வடக்கு 11°00', தெற்கு 10°45'. எண்களை 78 15 00 என்று இடைவெளி விட்டுத் தட்டினால் ஏற்கும். உள்ளே 5 நிமிடக் கோடுகள் வெட்டும் இடங்களையும் சேருங்கள். ஆற்றங்கரையையும் மணல்திட்டையும் புள்ளியாக வைக்கவே கூடாது. வெள்ளத்துக்கு வெள்ளம் அவை இடம் மாறும்.

3. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஆயத்தொலை முறையாக, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்கு அடிப்படையாக, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-ஐ (இபிஎஸ்ஜி என்ற குறியீட்டு வரிசையில் 4326) கொடுத்தால் ஊரே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். தாளின் கோடுகள் எவரெஸ்ட் 1830 என்ற பழைய நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியில்) கணக்கிட்டவை. அதை அடிப்படையாகக் கொண்ட கல்யாண்பூர் 1975, அதாவது இபிஎஸ்ஜி 4146-ஐக் கொடுங்கள். டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்ற எந்த உருமாற்றம் என்று கேட்டால் 295, 736, 257 என்ற நகர்வு எண்கள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். படத்தைக் கையால் இழுத்துச் சரிக்கட்டாதீர்கள். பக்கத்துத் தாளைச் சேர்க்கும்போது விளிம்பு ஒட்டாது.

4. அடுத்து, படத்தைப் புள்ளிகளுக்கு ஏற்ப எப்படி நீட்டிப் பொருத்துவது என்ற தேர்வு. தாள் தட்டையாக இருந்தால் பாலினோமியல் 1. மடிப்பால் இழுபட்டிருந்தால் பாலினோமியல் 2. அதற்குக் குறைந்தது 6 புள்ளிகள் வேண்டும். தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற தேர்வு வேண்டாம், அது எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்றே காட்டும். தவறாகத் தட்டிய எண் அதில் ஒளிந்துகொள்ளும். சராசரிப் பிழை 5 பிக்சலுக்குள் (சுமார் 27 மீட்டர்) இருக்கட்டும்.

5. குளித்தலை கடம்பவனேசுவரர் கோயில், அய்யர்மலை உச்சி இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். அவை பொருந்தி, ஆறு மட்டும் விலகினால் வேலை சரி. விலகியது காவிரிதான்.

பின்சேர்க்கை: ஜியோரெஃபரன்சர் ராஸ்டர் மெனுவில் இல்லையென்றால் லேயர் மெனுவில் பாருங்கள், புதிய பதிப்புகளில் அங்கே போய்விட்டது. 1905-க்கு முந்தைய தாள் என்றால் ஓரக்குறிப்பைப் படியுங்கள். தீர்க்கரேகையில் 2 நிமிடம் 27 விநாடி கழிக்கச் சொல்லியிருந்தால் கழித்துவிட்டே எண்ணைத் தட்டுங்கள். மறந்தால் குளித்தலை நாலரை கிலோமீட்டர் கிழக்கே போய் நிற்கும்.