பச்சை குத்தியிருந்தால் விண்வெளி வீரராக முடியுமா?

முடியும். டாட்டூ இருக்கக் கூடாது என்று நாசாவின் தகுதிப் பட்டியலில் எதுவும் இல்லை. அங்கே கேட்பது அமெரிக்கக் குடியுரிமை, அறிவியல் அல்லது பொறியியல் சார்ந்த முதுகலைப் பட்டம், 3 வருட அனுபவம் இல்லாவிட்டால் விமானியாக 1,000 மணி நேரம், அப்புறம் கடுமையான உடல் பரிசோதனை.

இந்தியாவில் இருந்து கனவு காண்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கு முதலில் தேர்வான நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள், அதனால் டாட்டூ விதி உங்களைப் பிடிப்பது இஸ்ரோ வாசலில் அல்ல, அதற்குப் பல வருடம் முன்னால் விமானப்படைத் தேர்வில். அங்கே முன்கையின் உட்புறத்திலும் (முழங்கையின் உட்பக்கம் முதல் மணிக்கட்டு வரை) புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடியினரின் மரபுவழிப் பச்சைக்குத் தனிச் சலுகை உண்டு. அனுமதித்த இடத்தில் இருந்தாலும், ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது தேர்வு மையம்தான்.

ஆகவே பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளே, கழுத்திலோ மார்பிலோ குத்திக்கொள்ளும் ஆசையைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே குத்தியாச்சா? சரி, விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பில் டாட்டூ பகுதியை வரி விடாமல் படியுங்கள், இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, திருவிழாக் கடையில் ஒரே ஊசியை எல்லோருக்கும் போடுகிறவரிடம் போகவே போகாதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி தொற்றினால், டாட்டூவை விட அதுதான் மருத்துவப் பரிசோதனையில் உங்களைத் தடுக்கும்.