அறிவுரையை நிறுத்திவிட்டு மாணவியைப் பேசவிடுவது எப்படி?

வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் மாணவியை உட்காரவைத்து அரை மணி நேரம் அறிவுரை சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். மறுநாளும் நோட்டு வெறுமையாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் கைகொடுப்பதுதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங், அதாவது மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே சொல்லவைப்பது. குடிப்பழக்கத்தால் அவதிப்படுபவர்களுக்காக உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்த உரையாடல் முறை இது. பிறகு இன்னொரு உளவியலாளரான ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தெடுத்தார். இதன் அடிப்படை இதுதான்: மாற வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு எண்ணங்களும் மாணவிக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘வேண்டும்’ என்று நாம் வாதாடினால், ‘வேண்டாம்’ என்று அவள் வாதாடுவாள்.

படி 1: அனுமதி கேளுங்கள். “கணக்குப் பாடம் பற்றிப் பத்து நிமிடம் பேசலாமா?” மறுத்தால், மனத்தாங்கல் இல்லாமல் விட்டுவிடுங்கள்.

படி 2: “ஏன் எழுதவில்லை?” என்பது அவள் காதில் குற்றச்சாட்டாகவே விழும். “நோட்டைத் திறந்ததும் என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: இதுதான் கடினம், பழகப் பல வாரங்கள் ஆகும். “எழுதினாலும் தப்பாகத்தான் வருகிறது, டீச்சர்” என்கிறாள். ‘முயன்றால் முடியும்’ என்ற வார்த்தை நம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். “சரியாக எழுத ஆசை இருக்கிறது, தப்பாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது” என்று அவள் சொன்னதன் உட்பொருளைத் திருப்பிச் சொல்லுங்கள். கேள்விபோலக் குரலை உயர்த்த வேண்டாம். நாம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவளே திருத்துவாள், அதுவும் நல்லதுதான். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு முறையாவது இப்படித் திருப்பிச் சொல்வது நல்ல அளவு.

படி 4: “வீட்டுப்பாடத்தை முடிப்பது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்.” அவள் 4 என்கிறாள். “ஏன் 7 இல்லை?” என்றால் சாக்குப்போக்குதான் வரும். “2 என்று சொல்லாமல் 4 என்றாயே, ஏன்?” என்று கேளுங்கள். பிறகு மௌனமாகக் காத்திருங்கள்.

“தங்கைக்கு நான்தான் கணக்குச் சொல்லித்தருகிறேன். எனக்கே தெரியாவிட்டால் எப்படி?”

மாற்றத்துக்கான காரணம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது! அவசரமாகத் திட்டம் போட்டு இந்தக் கணத்தைக் கெடுத்துவிடாதீர்கள். “தங்கைக்குப் பொறுமையாகச் சொல்லித்தருகிறாய். அதைப் பற்றி இன்னும் சொல்லேன்” என்று அங்கேயே நில்லுங்கள். ‘கெட்டிக்காரி’ என்ற பொதுப் பாராட்டைவிட, அவள் உண்மையில் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது மனத்தில் தங்கும்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ யாரோ துன்புறுத்துவதாகவோ சொன்னால் மட்டும் இந்தப் படிகளை ஒதுக்கிவிட்டு, அவளுடைய பாதுகாப்புக்கு வேண்டியதை உடனே செய்யுங்கள்.

படி 5: இதுவரை அவள் சொன்னவற்றை இரண்டு மூன்று வாக்கியங்களில் தொகுத்துச் சொல்லிவிட்டு, “இனி என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். “தினமும் இரண்டு கணக்கு” என்றால் இரண்டே போதும், ஐந்தாக்க வேண்டாம். அடுத்து எப்போது பேசலாம் என்பதையும் அவளிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.