மணமாகாத இணையராக பிரிட்டன் பார்ட்னர் விசாவை நீட்டிப்பது: விண்ணப்பத்தைத் தயாரிக்கும் முறை

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் இணையருக்கும் பிரிட்டன் பார்ட்னர் விசா வழங்குகிறது. கணவன் மனைவிக்கு உள்ள அதே வருமான விதியும், எஃப்எல்ஆர்(எம்) என்ற அதே இணையப் படிவமும், 30 மாதங்கள் என்ற அதே நீட்டிப்புக் காலமும் இவர்களுக்கும் பொருந்தும். மணமானவர்களும் சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டியவர்களே என்றாலும், அவர்கள் கையில் உறவுக்கு ஆதாரமாகச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. உங்களிடம் அது இல்லாததால், ஒரே முகவரியில் கழிந்த காலம் முழுவதும் யாரோ ஒரு மூன்றாம் தரப்பு அனுப்பிய கடிதங்களில் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்காக நீங்கள் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதி இந்தக் கடிதங்களைத் திரட்டுவதற்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள ஒருவரின் துணையாக, ஐந்தாண்டுகளில் நிரந்தர வதிவுரிமைக்குக் கொண்டுசெல்லும் வழியில், முதல் விசாவில் ஏற்கெனவே அங்கு வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீட்டிப்பதற்கு முன் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்தக் கட்டாயம் ஆறு மாத வருங்கால மணமக்கள் விசாவுக்கு உரியது, உங்களுக்கு இல்லை.

முதல் படி: நாளைக் கணக்கிடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்து வந்தவருக்கு முதல் விசா 33 மாதங்களுக்கும், பிரிட்டனுக்குள்ளிருந்தே மாறியவருக்கு 30 மாதங்களுக்கும் கிடைத்திருக்கும். நிரந்தர வதிவுரிமைக்கு இந்த வழியில் 60 மாதங்கள் நிறைவாக வேண்டும். அதற்கு 28 நாட்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கையோடு முடித்துவிடுவோம் என்று இருபத்து நான்காம் மாதத்திலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், புதிய 30 மாதங்கள் 60-ஐத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துபோய், மூன்றாவது முறையும் முழுக் கட்டணம் செலுத்தி நீட்டிக்க வேண்டிய நிலை வரலாம். 33 மாத விசா உள்ளவர்கள் வந்து முப்பது மாதங்கள் நிறைந்த பின்னும், 30 மாத விசா உள்ளவர்கள் கடைசி 28 நாட்களிலும் விண்ணப்பிப்பது பாதுகாப்பானது. எப்படியாயினும் விசா முடியும் நாளுக்கு முன் விண்ணப்பம் போய்விட வேண்டும்.

இரண்டாம் படி: சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகள்

2024 ஜனவரி 31 முதல், மணமாகாத இணையர் என்பதற்கான வரையறை இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வசித்தல் என்பதிலிருந்து, இரண்டு ஆண்டுகள் திருமணத்துக்கு ஒப்பான உறவில் இருத்தல் என்று தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வைக் கண்டு நீட்டிப்பில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். விசா பெற்று வந்த பிறகும் உறவு உண்மையாகத் தொடர்கிறதா, இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறீர்களா என்பதே இப்போது பரிசீலிக்கப்படுகிறது.

விண்ணப்பதாரர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவுகோல் இது: இருவர் பெயரும் சேர்ந்து வந்த ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை, இரண்டு ஆண்டுகளுக்கும் பரவியவை. கூட்டாக வந்தவை போதாவிட்டால், ஒரே முகவரிக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியாக வந்த கடிதங்களை இணை இணையாக வைக்கலாம். கவுன்சில் வரி (உள்ளூராட்சி வசூலிக்கும் வீட்டு வரி) அறிவிப்பு, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்கடன் அறிக்கை, மின்சார, எரிவாயு, தண்ணீர்க் கட்டண ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட், என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைக் கடிதம், வருமான வரித் துறைக் கடிதம் ஆகியவை வலுவானவை. புகைப்படங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் சில பக்கங்களுக்கு மேல் வேண்டியதில்லை. அவை ஒரே முகவரியில் வாழ்வதை நிறுவுவதில்லை.

ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, கையில் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் அதன் மாதத்துக்கு நேரே குறியுங்கள். எட்டு மாதங்கள் தொடர்ந்து வெற்றாக இருந்தால் அங்குதான் தேட வேண்டும். பழைய ரசீதுகளை நிறுவனங்களின் இணையக் கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ள முடியும். விசா முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது என்றால், இப்போதே இருவர் பெயரையும் கவுன்சில் வரிக் கணக்கிலும் ஏதேனும் ஒரு கட்டணக் கணக்கிலும் சேர்த்துவிடுங்கள்.

தனியாக வாழ்பவருக்கு கவுன்சில் வரியில் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. உங்கள் துணை தனியாக இருந்த காலத்தில் பெற்ற அந்தத் தள்ளுபடி, நீங்கள் வந்த பிறகும் நீக்கப்படாமல் தொடர்ந்தால், அந்த வீட்டில் ஒருவரே வாழ்கிறார் என்று அரசு ஆவணமே சொல்வதாகிவிடும். இதை முதல் வாரத்திலேயே சரிபாருங்கள்.

நம்மவர்களுக்குப் பெயரிலும் கவனம் தேவை. பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, வாடகை ஒப்பந்தத்தில் அது முதலெழுத்தாகச் சுருங்கி, மின் ரசீதில் முன்பின்னாக மாறியிருப்பது வழக்கமாகக் காண்பது. இனி வருவனவற்றைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றச் சொல்லுங்கள். பழையவற்றுக்கு முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி விளக்கம் போதும்.

வேலைக்காகவோ, ஊரில் நோயுற்ற பெற்றோரைக் கவனிக்கவோ பிரிந்திருந்த காலம் இருந்தால் அதை மறைக்க வேண்டாம். காரணம், பயணச்சீட்டு, மருத்துவமனைக் கடிதம் ஆகியவற்றோடு நேராகச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: வருமானம்

2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு. அந்த நாளுக்கு முன்பே இதே துணையின் பெயரில் விண்ணப்பித்து விசா பெற்றவர்களுக்குப் பழைய 18,600 பவுண்டே தொடர்கிறது. குழந்தைகள் இருந்தால் பழைய வரம்பு கூடும். புதியதில் அந்தக் கூடுதல் இல்லை. முதல் விசாவின்போது பெரும்பாலும் ஸ்பான்சரின், அதாவது உங்கள் துணையின், சம்பளமே கணக்கில் வந்திருக்கும். நீட்டிப்பில், பிரிட்டனில் நீங்கள் சட்டப்படி ஈட்டும் சம்பளத்தையும் அதனுடன் கூட்டலாம்.

ஒரே நிறுவனத்தில் ஆறு மாதங்களாக வேலை செய்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், அந்தச் சம்பளம் வரவாகியிருக்கும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும், நிறுவனத்தின் கடிதத்தையும் தர வேண்டும். பணியின் தன்மை, பணிக்காலம், மொத்த ஆண்டுச் சம்பளம், அந்தச் சம்பளம் எவ்வளவு காலமாக வழங்கப்படுகிறது ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். சீட்டில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள். வேலை மாறி ஆறு மாதங்கள் ஆகாதவர்களுக்குப் பன்னிரண்டு மாத வருமானக் கணக்கு கேட்கப்படும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 29,000 வரம்புக்கு 88,500 பவுண்டு ஆறு மாதங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: ஆங்கிலமும் வீடும்

ஆங்கிலத் திறனில் முதல் விசாவுக்கு ஏ1 என்ற தொடக்க நிலை போதுமாக இருந்தது; நீட்டிப்புக்கு அதற்கு அடுத்த நிலையான ஏ2 வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பேசுதல், கேட்டல் ஆகிய இரண்டிலும் தேர்வு எழுதலாம். பிரிட்டனில் பெற்ற பட்டம் இருந்தால் தேர்வு வேண்டாம். வீட்டுக்கு, நெரிசல் இல்லை என்று காட்டும் வாடகை ஒப்பந்தமோ உரிமைப் பத்திரமோ போதும்.

ஐந்தாம் படி: படிவமும் கட்டணமும்

2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுண்டாக உயர்ந்தது. சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் இரண்டரை ஆண்டுகளுக்கு 2,587.50 பவுண்டு. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறுவதால், செலுத்தும் நாளில் அரசின் இணையதளத்தில் உள்ள தொகையையே நம்புங்கள்.

ஆவணங்களை உறவு, வருமானம், ஆங்கிலம், வீடு என்று பிரித்து, தேதி வரிசையில் சில பிடிஎஃப் கோப்புகளாக ஆக்கிப் பதிவேற்றுங்கள். தமிழில் உள்ள எந்தச் சான்றிதழுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். உங்களில் எவருக்கேனும் முன்பு திருமணம் நடந்திருந்தால், அது முடிந்ததற்கான, நீதிமன்ற ஆணை போன்ற சான்றையும் சேர்த்துவிடுங்கள்.

உரிய நாளுக்குள் விண்ணப்பித்தவருக்கு, 1971 குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவின்படி, முடிவு வரும்வரை பழைய உரிமைகளே தொடரும், வேலையையும் தொடரலாம். ஆனால் பிரிட்டன், அயர்லாந்து, சேனல் தீவுகள், மேன் தீவு ஆகியவை அடங்கிய பொதுப் பயணப் பகுதியை விட்டு அந்த இடைவெளியில் வெளியேறினால், விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஊரில் கல்யாணமோ திருவிழாவோ இருந்தாலும், முடிவு கைக்கு வராமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.