நார்வேக்காரர்கள் போல சீட் பிரிப்பது எப்படி?

நம் ஊரில் ஓட்டு எண்ணி முடித்தால் கணக்கும் முடிந்தது. 2019 ஆகஸ்டில் வேலூர் மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் வெறும் 8,141. தோற்றவர் 4,77,199 ஓட்டு வாங்கியும் கையில் ஒன்றுமில்லை. நார்வேயில் எண்ணி முடித்த பிறகுதான் கணக்கே ஆரம்பம். ஒரு தொகுதிக்குப் பல எம்.பி.க்கள், ஓட்டுக்கு ஏற்றபடி கட்சிகளுக்குப் பங்கு. குடியாத்தத்தில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளுக்கு வகுத்தல் சலித்துப்போனால் இதைத்தான் போர்டில் எழுதிப்போடுவேன்.

ஐந்து சீட், மூன்று கட்சி என்று வையுங்கள். அ 63,000, ஆ 28,000, இ 14,000.

முதலில் பழைய டி ஹோண்ட் முறை. ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, அதனதன் பெயருக்குக் கீழே எழுதுங்கள். அ: 63,000, 31,500, 21,000, 15,750. ஆ: 28,000, 14,000. இ: 14,000. மொத்தப் போர்டிலும் பெரிய எண்கள் ஐந்தை மட்டும் வட்டமிடுங்கள். அ-வுக்கு 4, ஆ-வுக்கு 1, இ-க்கு நாமம்.

1949 அக்டோபர் தேர்தலில் நார்வே கம்யூனிஸ்டுகளுக்கு விழுந்ததும் இதே நாமம்தான். 5.8 சதவீத ஓட்டு, ஒரு சீட்கூட இல்லை. அப்போதைய பிரதமர் கெர்ஹார்ட்சனின் தொழிலாளர் கட்சிக்கோ 45.7 சதவீதத்துக்கு 150-ல் 85!

அப்புறம் 1953 தேர்தலுக்கு வந்த புது முறை. திருத்திய சான்த் லாக்யூ என்பார்கள். வகுக்கும் எண்கள் 1.4, 3, 5, 7. அ: 45,000, 21,000, 12,600, 9,000. ஆ: 20,000, 9,333. இ: 10,000. இப்போது வட்டமிட்டால் 3, 1, 1.

பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். வந்த 45,000-ஐ எடுத்து மறுபடி 3-ஆல் வகுப்பார்கள். கூடாது. ஒவ்வொரு முறையும் மூல ஓட்டையே வகுக்க வேண்டும். “அதென்ன சார் 1.4?” என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். 1 என்றே விட்டால் துக்கடா கட்சிகள்கூட முதல் சீட்டைச் சுலபமாகத் தட்டிவிடும். அதற்குப் போட்ட தடை.

1953-ல் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டு 46.7 சதவீதமாகக் கூடியது, சீட் 77 ஆகக் குறைந்தது. கம்யூனிஸ்டுகள் 5.1 சதவீதத்தில் 3 பிடித்தார்கள். எல்லாம் 1.4 செய்த வேலை என்று சொல்லிவிடாதீர்கள். நகரத்துக்குத் தனி, கிராமத்துக்குத் தனி என்றிருந்த தொகுதிகளையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள்.

சரி, வீட்டுக் கணக்கு: புது முறையில் இ-யின் ஒரே சீட்டைப் பறிக்க அ-வுக்கு இன்னும் எத்தனை ஓட்டு வேண்டும்? 7-ஆல் வகுத்தால் 10,000-ஐத் தாண்ட வேண்டும், ஆக, 7,001.