ஒழுகும் ரேடியேட்டரைக் குறைந்த செலவில் மாற்றும்போது தவிர்க்க வேண்டியவை

காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைகிறது என்றவுடன் ரேடியேட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதியதற்குப் பணம் புரட்டத் தொடங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே சொட்டினாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் பட்டறையில் அதை மூடிக்குப் பதிலாகப் பொருத்தி, மூடியின்மேல் பொறித்திருக்கும் அழுத்தம் வரை (பல கார்களில் 0.9 அல்லது 1.1 பார்) கையால் அடித்து, முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். முள் இறங்கியும் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாவிட்டால், அதே தண்ணீர் ஓடும் ஹீட்டர் ஒழுகி, காருக்குள்ளே கால்மிதி நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்ததாக ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். ஆயில் அளவுக் கம்பியில் பால் கலந்த தேநீரின் நிறம் தெரிந்தால், ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்திருப்பதே நல்லது. உண்மையிலேயே ரேடியேட்டர்தான் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் பிளாஸ்டிக் தொட்டியும், மெல்லிய குழாய்கள் அடங்கிய நடுப்பகுதியான அலுமினியக் கோரும் மடித்துக் கவ்வப்பட்டிருக்கும் விளிம்பில், கூலன்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவம் காய்ந்து பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருக்கும்.

ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவது நம் ஊர்ப் பழக்கம். கடையில் விற்கும் அடைப்புப் பொடியும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. நடுவழியில் நிற்கும் வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பொடிக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது; கோரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டரிலும் அது படிந்துவிட்டால், புதிய ரேடியேட்டர் போட்ட பிறகும் பழைய வண்டல் அதற்குள் வந்து சேரும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டியின்மேல் எம்சீல் பூசுவதும் நிற்காது, ஏனெனில் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் தொட்டி விரிந்து சுருங்குகிறது. பழைய வண்டிகளிலுள்ள செம்பு, பித்தளை ரேடியேட்டர் மட்டும் விதிவிலக்கு. அதை ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கைவினைஞர் கிடைத்தால், புதியதை வாங்காமலேயே பல ஆண்டுகள் ஓட்டலாம்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எத்தனை ஆண்டுகள் போர் தண்ணீரில் ஓடியது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கார் நிறுவனத்தின் முத்திரை இல்லாமல், பெயர் பெற்ற உதிரிபாகத் தயாரிப்பாளர் செய்த புதிய ரேடியேட்டரை வாங்குவதே செலவைக் குறைக்கும் சரியான வழி என்பது என் கருத்து. பெட்ரோலா டீசலா, ஏசி உண்டா இல்லையா, கியர் கையாலா தானியங்கியா என்பதைப் பொறுத்து ஒரே மாடலுக்குள்ளேயே கோரின் தடிமனும் குழாய் வாய்களும் மாறும். எனவே பழையதைக் கழற்றி எடுத்துச் சென்று, அருகில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

பணத்தைச் சேமிக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஊதிப்போன ஹோஸையும் பழைய மூடியையும் புதிய ரேடியேட்டருடன் மறுபடி மாட்டினால், அடுத்த ஒழுகல் அங்கிருந்துதான் வரும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு’ என்று, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகி எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். சில இன்ஜின்களில் ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீரை இன்ஜினுக்கே திருப்பும் சுற்றுப்பாதை திறந்தே கிடப்பதால், ரேடியேட்டருக்கு வர வேண்டிய தண்ணீர் வராமல் சூடு ஏறவும் செய்யும்.

சொந்தமாகக் கழற்றுபவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் அது ரேடியேட்டருடன் சேர்த்தே திருகப்பட்டிருக்கும். அதன் குழாய்களைப் பிரிக்காமல் ஒதுக்கிக் கட்டிவைத்தால் கேஸ் நிரப்பும் செலவு மிஞ்சும். வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும். கொஞ்சம் குடித்தாலே உயிர் போகலாம்.

நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும் அதன் வேலைதான். போர் தண்ணீரோ அதற்கு நேர்மாறாக உப்புப் படிவைச் சேர்க்கிறது. அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த நீருடன் பொதுவாகச் சரிபாதி கலக்க வேண்டும்; கலந்தே விற்பதில் மீண்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறத்தை நம்பாமல், காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஊற்றியதும் மூடிவிட்டுக் கிளம்புவதுதான் கடைசித் தவறு, புதிய ரேடியேட்டரோடு இன்ஜின் சூடேறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உள்ளே சிக்கிய காற்று வெளியேற, வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக நிரப்ப வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கீழ் ஹோஸும் சூடாகி மின்விசிறி ஒருமுறை சுழன்று நின்ற பிறகு அணைத்து, மறுநாள் காலை ஆறிய நிலையில் மட்டத்தைப் பார்த்தால் சிறிது இறங்கியிருக்கும். அதை நிரப்பிய பிறகும் நாள்தோறும் இறங்கிக்கொண்டே போனால், மறுபடி அழுத்தச் சோதனைக்குத்தான் போக வேண்டும்.