ஸ்டவர்ஹெட்டில் ஏரி இடது கைப்பக்கம் இருக்கட்டும்

இங்கிலாந்தின் வில்ட்ஷரில் இருக்கிற ஸ்டவர்ஹெட் மாளிகைக்குப் போகிறவர்கள் பலரும் அதன் தோட்டத்தை ஒரு பூங்கா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஏரி இருக்கிறது, பாலம் இருக்கிறது, தூண் வைத்த கோயில்கள் இருக்கின்றன. நாலு படம் எடுத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. வரிசை தப்பினால் பாதி சுவை போய்விடும்.

கோயிலை வலம் வந்து பழகிய நமக்கு ஏரியையும் அப்படியே சுற்றத்தான் கால் போகும். இங்கே அதற்கு நேரெதிர்: ஏரி எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கவேண்டும். ஸ்டவர்ட்டன் கிராமத்துப் பக்கமாக உள்ளே வந்தால் கல்பாலமும் அக்கரையில் ரோமின் பழைய கோயிலைப் போலக் கட்டிய பாந்தியன் மண்டபமும் சேர்ந்து தெரியும் அந்தப் பிரபலமான காட்சி முதலிலேயே கண்ணில் பட்டுவிடும். அங்கேயே அரைமணி நேரம் நிற்காதீர்கள். ஃப்ளோரா கோயில் பக்கம் திரும்பி நடையைத் தொடங்குங்கள்.

அந்தக் கோயிலின் வாசலுக்கு மேல் ஒரு லத்தீன் வரி இருக்கிறது. தகுதியற்றவர்களை விலகிப் போகச் சொல்லும் அந்த வரி, பழைய ரோமானியக் கவிஞர் விர்ஜிலின் காவியத்தில் நாயகன் பாதாளத்துக்குள் இறங்கும் கட்டத்தில் வருவது. அங்கிருந்து கரையோரமாகப் போனால் நீங்களும் இறங்கத்தான் போகிறீர்கள். 1748இல் கட்டிய குகை வரும். இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கிறதே என்று வாசலோடு திரும்பிவிடுபவர்கள் நிறைய. தயவுசெய்து திரும்பாதீர்கள். உள்ளே ஊற்றுநீர் விழும் சத்தத்தில் ஒரு நீர்த்தேவதை தூங்கிக்கொண்டிருக்கிறாள். தன் தூக்கத்தைக் கலைக்காமல் மெல்ல நடக்கும்படி அவள் கேட்பதாக நாலு வரிக் கவிதை கல்லில் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு திறப்பு; அதன் வழியே குனிந்து பார்த்தால் ஏரி உங்கள் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். அப்புறம் ஆற்றுத் தெய்வத்தின் சிலை, இனி மேலே ஏறு என்பதுபோல் கை நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிலிருந்து ஏறி வெளிச்சத்துக்கு வந்து கொஞ்சம் நடந்தால் பாந்தியன். எதிர்த்திசையில் வந்தவருக்கு இந்த ஏற்றம் கிடைக்காது, குகை நடுவில் வரும் ஒரு பள்ளம், அவ்வளவுதான். குகைக்குள் போனில் சத்தமாகப் பேசுவதையும் விட்டுவிடுங்கள், அங்கே கேட்கவேண்டியது தண்ணீரின் சத்தம்.

கடைசியில் அணையைத் தாண்டி மேட்டில் ஏறினால் 1765இல் எழுந்த அப்பல்லோ கோயில். நடந்து வந்த வழி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். மூச்சு வாங்குகிறதென்று இதை விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் இயற்கை என்று எண்ணிவிடுவதும் பெரிய தவறுதான். லண்டன் வங்கியாளர் ஹென்றி ஹோர் இந்த நிலத்தை 1717இல் வாங்கினார். தோட்டம் அவர் மகன் இரண்டாம் ஹென்றியின் வேலை, 1740-களில் தொடங்கியது. ஸ்டவர் ஆறு பிறக்கும் ஊற்றுகளின் நீரை 1750-களில் அணை கட்டித் தேக்கியதுதான் இந்த ஏரி. ஃப்ளோரா கோயில் அதற்கும் மூத்தது. பணம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்: 1720இல் தென்கடல் நிறுவனப் பங்குகள் ஏறி விழுந்தபோது லாபத்தோடு வெளியேறியவர்களில் ஹோர் வங்கியும் உண்டு. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்ற நிறுவனம் அது. இதைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் நியாயம் என்பேன்.

பூக்களுக்காக மட்டும் போவதும் சரியில்லை. மே மாத இறுதியில் ரோடோடென்ட்ரான் பூத்துக் கொட்டும், அழகுதான். ஆனால் அவை பின்னால் வந்தவர்கள் நட்டவை. இரண்டாம் ஹென்றி கணக்குப் போட்டது நீர், நிழல், பச்சையின் பல சாயல்கள் ஆகியவற்றை வைத்து. கோயிலுக்குக் கோயில் பார்வை எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டுமானால் இலை உதிர்ந்த மாதங்களே நல்லது. கூட்டமும் குறையும். ஆனால் குளிர்காலத்தில் மாளிகையைத் திறக்காமல் இருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நாட்களிலும் கடைசி அனுமதி மூடும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

மாளிகைக்குள் போனவர்கள் வேகமாக நடந்து முடித்துவிடுகிறார்கள். நடுப்பகுதி 1902இல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. ஆனால் நூலகம் தப்பியது. அதில் மரச்சாமான் கலைஞர் இளைய சிப்பண்டேல் செய்த பெரிய மேசையின் கால்களில் எகிப்தியத் தலைகள் செதுக்கியிருக்கும், குனிந்து பாருங்கள். போப் ஐந்தாம் சிக்ஸ்டஸுக்காகச் செய்த வண்ணக்கல் அலமாரிக்குள் ரகசிய இழுப்பறைகள் உண்டு. அறையில் இருக்கும் தன்னார்வலர்களிடம் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள். திரைச்சீலைகளை இறக்கி அறையை மங்கலாக வைத்திருப்பது துணியும் படங்களும் வெளுக்காமல் இருக்க; ஃப்ளாஷ் வேண்டாம். நாற்காலியில் பைன் காய் வைத்திருந்தால் உட்காரக்கூடாது என்று அர்த்தம்.

மாளிகையில் கடைசியாக வாழ்ந்த ஹோர் தம்பதியின் ஒரே மகன் முதல் உலகப்போரில் 1917இல் காயம்பட்டு இறந்தார். அதனால்தான் பெற்றோர் 1946இல் மாளிகையையும் தோட்டத்தையும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டிடம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 25 அன்று இருவரும் ஒரே நாளில் காலமானார்கள்.

ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டைக் கவனியுங்கள். இறங்கவேண்டியது டார்செட்டில் உள்ள கில்லிங்கம், லண்டன் வாட்டர்லூவிலிருந்து வண்டி. கென்ட்டிலும் அதே எழுத்துகளில் ஓர் ஊர் உண்டு, அது வேறு திசை. நிலையத்திலிருந்து இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும், டாக்சியை முன்பே சொல்லிவையுங்கள். மழை பெய்தால் பாதை வழுக்கும், நல்ல ஷூ போடுங்கள்.

ஆல்ஃபிரட் கோபுரத்தையும் பார்த்துவிடலாம் என்று கடைசி அரைமணியை ஒதுக்காதீர்கள். அது ஏரிக்கரையில் இல்லை, எஸ்டேட்டின் மறுகோடியில், காட்டுக்கு அப்பால் இருக்கிறது. 49 மீட்டர் உயரம், 205 படிகள், எல்லா நாளும் திறப்பதில்லை. திறந்திருக்கும் நாள் பார்த்து, அதற்கென்று தனியாகப் பாதி நாள் வைத்துக்கொள்ளுங்கள்.